தவமணி அக்காவின் லாப்டாப்பில் கேட்ட இரைச்சல்

செய்தி வந்தபோது தவமணி அக்காவின் பழைய லாப்டாப் என் மடியில் இருந்தது. கெலுகோரில் இருக்கும் சேவியரின் கணினிக் கடையில், கழற்றிப் போட்ட கணினிகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் பழைய ஒலிப்பதிவுகளைப் புதிய லாப்டாப்புக்கு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள்தான் அவரை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் மாற்றி வைத்துவிடுங்கள் என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலையில் அவருடைய கணவர் மனோகரன் அண்ணன் அழைத்தார். "தம்பி, அக்கா போயிட்டா" என்றார். பதிவுகளை மாற்றும் சூட்டில், மடியில் லாப்டாப்பின் விசிறி ஏறி இறங்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. சேவியர் என் முகத்தைப் பார்த்தார், கையை நீட்டி மூடியை மூடினார். சத்தம் நின்றது.

அந்தச் சத்தத்தின் மேல்தான் நாங்கள் மூன்று பேரும் போன வருடம் முழுக்கப் பழி போட்டுக்கொண்டிருந்தோம். அதனால் இந்த அஞ்சலியில் பாதி ஒரு லாப்டாப்பைப் பற்றித்தான் இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். லாப்டாப்பை விட்டுவிட்டு அக்காவின் கடைசி வருடத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உங்களில் பெரும்பாலானோர் அவரை நேரில் பார்த்ததில்லை. எங்கள் பேய்க்கதை நாடகங்களில் குரலாக மட்டும் கேட்டிருப்பீர்கள். லாரி ஓட்டிக்கொண்டு கேட்டவர்கள், தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து பஸ்ஸில் கேட்டவர்கள், பாசாரில் பட்டப்பகலில் மீன் வெட்டிக்கொண்டே கேட்டு நடுங்கியவர்கள் என்று பலர் எங்களுக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். குள்ளமான உருவம், பெரிய சிரிப்பு. இனிப்புக் குறைத்த தேத்தண்ணி கேட்டு வாங்கிவிட்டு, அடுத்தவர் தட்டில் இருக்கும் குய் பலகாரத்தை எடுத்துத் தின்கிற ரகம். பேய் என்றால் அவருக்குக் கொஞ்சமும் பயம் கிடையாது. கரப்பான்பூச்சி என்றால் நாற்காலி மேல் ஏறிவிடுவார்.

கதை எழுதுவது நான். ஒலிப்பதிவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்வது சேவியர். குரல் கொடுப்பது, வெட்டி ஒட்டி நாடகமாக்குவது, எங்கள் இருவரையும் திட்டுவது ஆகிய மூன்றும் அக்காவின் பொறுப்பு. முதல் நாடகத்தில் செத்துப்போன மனைவி ஒருத்தி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்பதாக எழுதியிருந்தேன். அவள் வீறிட்டு அலற வேண்டும். அக்கா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். "தம்பி, செத்தவ எதுக்கு கத்தணும்? கத்துறதெல்லாம் உசுரோட இருக்கறவங்க வேலை லா" என்றார். பிறகு மைக்கருகில் போய், வீட்டில் வந்து உட்கார்ந்தவரிடம் கேட்பதுபோல், மிகச் சாதாரணமாக, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். சேவியர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தன் முதுகுப்பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் எழுதிய அலறலை அன்றே அடித்துவிட்டோம்.

எங்கள் அறை கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில், பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. செங்குத்தான மரப்படி. ஒரு ஜன்னல், அதையும் மெத்தை வைத்து அடைத்திருக்கிறோம். கீழே மல்லிகையும் சாம்பிராணியும் மணக்கும், மேலே எங்கள் வியர்வைதான். அங்கே அக்கா ஏற்படுத்திய ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பதிவைத் தொடங்கும் முன்பும் "மௌனம் பிடிக்க" வேண்டும். அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டு மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்து, யாரும் பேசாத அந்த அறையை ஒரு நிமிடம் பதிவு செய்வோம். பேச்சில்லாத அறைக்கும் ஒரு சத்தம் இருக்கிறது. அதைக் கணினிக்குக் காட்டினால், இதுதான் இரைச்சல் என்று அடையாளம் கண்டுகொண்டு, பிறகு பேசுகிற பேச்சிலிருந்து அதை மட்டும் கழித்துவிடும். இது எல்லா ஒலிப்பதிவுக்காரர்களும் செய்கிற வேலைதான். ஆனால் அக்கா அதைப் பூசை மாதிரிச் செய்வார். ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார், கண்ணை மூடிக்கொள்வார், விரல் இறங்கும்வரை நாங்கள் எச்சில்கூட விழுங்கக்கூடாது.

போன வருடத் தொடக்கத்தில்தான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே மெல்லிய ஓர் இழுப்பு. ஏறும், இறங்கும், இறங்கும் இடத்தில் ஊசி போல ஒரு விசில். சேவியரிடம் சொன்னேன். அவர் ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, மைக்குக்குப் பக்கத்தில் திறந்திருந்த அக்காவின் லாப்டாப்பைக் காட்டினார். அதன் விசிறியும் அப்படித்தான் ஏறும், இறங்கும். பழைய லாப்டாப், பல வருடம் உழைத்தது, மூச்சு வாங்காமல் என்ன செய்யும் என்றார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குற்றவாளி கண்முன்னால் உட்கார்ந்து இரைந்துகொண்டிருக்கும்போது வேறு யாரைத் தேடுவது?

கணினியைக் கொண்டு அதைக் கழிக்கப் பார்த்தோம். போனது, ஆனால் அக்காவின் குரலில் இருந்த ஏதோ ஒன்றும் சேர்ந்து போனது. தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிறவர் மாதிரி ஆகிவிட்டார். வேறு வழியில்லாமல் சத்தத்தோடேயே நாடகங்களை வெளியிட்டோம். அப்போதுதான் உங்கள் பாராட்டுகள் வர ஆரம்பித்தன. "பின்னாடி மூச்சு விடுற எஃபெக்ட் பயங்கரம் அண்ணே" என்று ஜொகூரிலிருந்து ஒருவர். "அது யார் மூச்சு? கண்ணாடியப் பாக்கவே முடியல" என்று கிள்ளானிலிருந்து ஒரு தங்கை. நான் எழுதாத ஒன்றைப் புகழ்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. கை வலிக்க எழுதிய வசனத்தை விட்டுவிட்டு ஒரு ஓட்டை விசிறிக்குக் கைதட்டுகிறீர்களே என்று நினைத்தேன். அக்கா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த லாப்டாப்பின் மேல் எங்களுக்கு வேறு புகார்களும் சேர்ந்தன. மாடிப்படியில் பாதி ஏறியதும் அக்கா நின்றுவிடுவார். பையைத் தோளிலிருந்து இறக்கிக் கைப்பிடிக் கட்டையில் சாய்த்து வைத்துக்கொண்டு, "கல்லு கனம் கனக்குது தம்பி, இத தூக்கிட்டு மனுஷி ஏற முடியுமா" என்பார். நான் வாங்கிக்கொள்வேன். பையில்லாமலும் அவர் மெதுவாகத்தான் ஏறுவார். மேலே வந்து உட்கார்ந்ததும் வேர்த்துக் கொட்டும். மெஷின் சூடு மேலே அடிக்கிறது என்பார். ஒருநாள் சேவியர் அதைக் கவிழ்த்துப் பார்த்து, அடிப்பாகம் வயிறு மாதிரி உப்பியிருப்பதைக் காட்டினார். பேட்டரி வீங்கியிருக்கிறது, இதை உடனே கழற்றவேண்டும், வெடித்தாலும் வெடிக்கும் என்றார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் பாதத்தைத் தூக்கிக் காட்டினார். செருப்பின் வார் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. "எனக்கும்தான் வீங்குது. உக்காந்தே வேல செஞ்சா எல்லாத்துக்கும் வீங்கும்" என்றார். நாங்கள் மூவரும் சிரித்தோம். பேட்டரியை மாற்றச் சொல்லி அன்றே சேவியரின் கடைக்கு அனுப்பினோம்.

பழையதையே சரி செய்வதா, புதிது வாங்குவதா என்ற பேச்சு மாதக்கணக்கில் நடந்தது. பெரும்பாலும் சந்து முனையிலிருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையில்தான். சேவியரின் கட்சி தெளிவாக இருந்தது. "அக்கா, மெமரி கூட்டலாம், உள்ள இருக்கிற டிஸ்க்க மாத்தலாம், விசிறி மாத்தலாம். ஆனா புராசசர் கிழவன். அவன மாத்த முடியாது. புதுசு வாங்கிடுங்க" என்றார். நானும் அவர் பக்கம்தான். எனக்கு அந்தச் சத்தம் ஒழிந்தால் போதும். அக்கா பிடி கொடுக்கவில்லை. அவருடைய பேய்க் குரல்களுக்கான எதிரொலி, முணுமுணுப்பு, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போன்ற அமைப்புகள் எல்லாம் பழைய மென்பொருளில் அவரே உட்கார்ந்து செய்து வைத்தவை. புதிய லாப்டாப்பில் அந்த மென்பொருள் ஓடாது. "என் பேய் எல்லாம் இதுக்குள்ளதான் குடியிருக்கு. வூட்ட இடிச்சா அதுங்க எங்க போகும்?" என்று கேட்டார். பிறகு சிரிக்காமல் இன்னொன்றும் சொன்னார். அதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார், அலுவலகத்திலும் சொல்வாராம். "மாத்தறதுக்கு முன்னாடி எது ரோசாக்குன்னு தெரியணும் தம்பி. தெரியாம மாத்துனா, ரோசாக் ஆனது உள்ளேயே இருக்கும்."

எது கெட்டுப்போயிருக்கிறது என்று தெரியவேண்டும் என்கிறார். எங்களுக்குத் தெரியுமே, அதுதான் இரைகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

செத்தவர்கள் ஊருக்குள் உலவுவதாகச் சீனர்கள் நம்பும் அவர்களுடைய ஏழாம் மாதம் வந்தது. சந்தின் கோடியில் வழக்கம்போல் மேடை போட்டு, பேய்களுக்காகப் பாட்டுக் கச்சேரி வைத்தார்கள். முதல் வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டிருந்தார்கள், அது உயிரோடிருப்பவர்கள் உட்காரும் வரிசை இல்லை. அந்த மாதத்தில் பேய்க்கதை பதிவு செய்யவேண்டாம் என்று மனோகரன் அண்ணன் சொல்லிப் பார்த்தார். அக்கா கேட்கவில்லை. மாலைக் கச்சேரிக்கு முன்னால், பகல் நேரத்தில் மௌனம் பிடித்தோம். அன்று அந்த இழுப்பு முன்பைவிடத் தெளிவாக விழுந்தது. நான் பதிவை ஓட்டிக் காட்டினேன். கீழே காலி நாற்காலிகளை அடுக்கும் சத்தத்துக்கு நடுவே அது ஏறி இறங்கியது. புதிய பேட்டரி போட்ட லாப்டாப், அன்று அதிகச் சூடும் இல்லை. சேவியர் என்னைப் பார்த்தார். "முன்வரிசைக்காரங்க யாரோ மேல வந்துட்டாங்க போல" என்று அக்கா கிண்டல் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆயுதபூசைக்கு அக்கா லாப்டாப்பைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மூடியில் மூன்று விரல் அகலத்துக்கு விபூதி பூசினார். காற்றோட்டத்துக்காகப் பின்பக்கம் இருக்கும் துளைகளிலும் தாராளமாகத் தூவியிருக்கிறார். மறுவாரம் சேவியர் திறந்து பார்த்தபோது விசிறி முழுக்க வெள்ளை. "அக்கா, முருகன் காப்பாத்துவாரு, சரி. விசிறிய யாரு காப்பாத்துறது?" என்று தலையில் அடித்துக்கொண்டார். இதுதான் காரணம் என்று மூவரும் முடிவு கட்டினோம். ஆயுதபூசை அக்டோபரில்தானே, சத்தம் வருடத் தொடக்கத்திலேயே வந்துவிட்டதே என்று யாருக்கும் தோன்றவில்லை. விசிறி, மெமரி, டிஸ்க் எல்லாவற்றையும் மாற்றினார். அடுத்த பதிவில் லாப்டாப் பூனை மாதிரி அமைதியாக இருந்தது. மௌனம் பிடித்தோம். ஓட்டிக் கேட்டோம். சத்தம் இருந்தது.

அதற்குப் பிறகு நான் பிடிவாதம் பிடித்தேன். தீபாவளி முடிந்ததும் புதிய லாப்டாப் வந்தது. இலேசானது, விசிறியே இல்லாதது. ஒரு கையால் தூக்கிக்கொண்டு படியேறலாம். முதல் நாள் அதை ஒரு சிலேட்டுப் பலகைபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்கா ஏறி வந்தார். பாதிப் படியில் நின்றார். நான் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்கி வைக்கப் பை இல்லை. கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, எதன்மேல் பழி போடுவது என்று தெரியாதவர்போல் அங்கேயே நின்றார்.

அன்றைய பதிவிலும் அது இருந்தது. சேவியர் மைக்கை மாற்றினார், ஒயரை மாற்றினார். இருந்தது. அக்கா எழுந்து புதிய லாப்டாப்பை மூடினார். "எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. கையில புடிக்கிற ரெக்கார்டர மட்டும் எடுங்க" என்றார். மின்சாரத்தையே அணைத்தோம். இருட்டான அறையில் பேட்டரியில் ஓடும் அந்தச் சின்னக் கருவியை மேசைமேல் வைத்து மௌனம் பிடித்தோம். கேட்டுப் பார்த்தோம், இருந்தது. பிறகு என்னையும் சேவியரையும் வெளியே போகச் சொன்னார். நாங்கள் படியில் நின்றோம். கீழே பூக்கடைக்காரர் யாரிடமோ மாலைக்கு அளவு கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா கதவைத் திறந்தார். கேட்டோம், இருந்தது. "இப்ப நீங்க ரெண்டு பேரும் உள்ள போங்க" என்று சொல்லிவிட்டு அவர் படியில் போய் உட்கார்ந்தார். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு, விரலைத் தூக்க ஆளில்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் பதிவில் ஒன்றுமே இல்லை. சுத்தமான, காலியான அறை.

சேவியர் அதை இரண்டாவது முறை ஓட்டினார், எதற்கு என்று அவருக்கே தெரியாது. அக்கா வாசலில் நின்று ஹெட்போனை வாங்கிக் காதில் ஒரு பக்கம் மட்டும் வைத்துக் கேட்டார். கழற்றி என் கையில் கொடுத்தார். "பாவம்டா அந்த மெஷினு" என்றார். "ஒரு வருஷமா அத திட்டிட்டு இருந்தோம்." அவருக்குப் பிடித்த பேச்சை நினைத்து, எது ரோசாக் என்று இப்போது தெரிந்துவிட்டது என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். அந்த அறையில் நாங்கள் எத்தனையோ பேய்களை உண்டாக்கியிருக்கிறோம், அன்று மத்தியானம் பயந்த அளவுக்கு நான் அங்கே பயந்ததில்லை.

மறுநாளே மனோகரன் அண்ணன் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இதயம் பலவீனமாகிவிட்டது, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, கால் வீங்கியதும் படியேற முடியாமல் போனதும் அதனால்தான் என்று சொன்னார்கள். சில நாள் வைத்திருந்து நீரை இறக்கி, மாத்திரைகள் கொடுத்து அனுப்பினார்கள். "எனக்கும் சேவியர் கணக்குதான் தம்பி" என்று கட்டிலில் சாய்ந்தபடி சொன்னார். "விசிறிய துடைக்கலாம், மெமரி கூட்டலாம். புராசசர் கிழவி, அவள மாத்த முடியாதாம்." நான் சிரித்து வைத்தேன். வெளியே வந்து கார் நிறுத்தும் இடத்தில் அழுதேன்.

தேறி வந்தார். செருப்பு மறுபடியும் சரியாகப் பொருந்தியது. மௌனம் பிடித்தால் அறை மட்டுமே கேட்டது. அந்த நாடகங்கள் வெளிவந்ததும் உங்களில் சிலர் எழுதினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "மூச்சு எஃபெக்ட்ட ஏன் எடுத்துட்டீங்க? பழைய பயம் இல்ல." அக்கா அந்தச் செய்திகளைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார். "கேட்டியா, நான் நல்லாயிட்டா இவங்களுக்குப் புடிக்கல" என்றார். உங்களைக் குறை சொல்லவில்லை. நாங்கள் மூவரும் காது வைத்துக் கேட்பதையே தொழிலாக வைத்திருக்கிறோம். எங்களுக்கே தெரியாதபோது உங்களுக்கு எப்படித் தெரியும்?

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு வந்தார். படியேறவில்லை. அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து, காவடிக் கூட்டத்தின் சத்தத்தை அந்தச் சின்னக் கருவியில் பதிவு செய்தார். மேளம், வேல் வேல் என்ற கூச்சல், உடைபடும் தேங்காய். அன்றே புதிய லாப்டாப்பில் அதைக் கேட்டார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பதிவிலும் அவர் செய்த முதல் வேலை மௌனத்தைப் பிடித்து, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக் கேட்பதுதான். இரைச்சலைக் கழிப்பதற்காக இல்லை, அது திரும்பி வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக. அவர் கேட்டு முடிக்கும்வரை நானும் சேவியரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். அவர் கண்ணைத் திறந்து தலையசைத்ததும்தான் எங்களுக்கு மூச்சு வரும். ஜோசியம் பார்க்கப் போனவர்கள்கூட அப்படி உட்கார்ந்திருக்கமாட்டார்கள்.

கடைசிப் பதிவு அன்று கண்ணைத் திறக்க வெகுநேரமானது. ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "இருக்கா?" என்று கேட்டார். கேட்டேன். ஏறி, இறங்கி, அந்த ஊசி விசிலோடு அது திரும்பியிருந்தது. "இருக்கு அக்கா" என்றேன். சேவியர் உடனே கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். அக்கா கையமர்த்தினார். மனோகரன் அண்ணனுக்குத் தொலைபேசியில் சொல்லச் சொன்னார். "அவரு கெரெத்தா எடுத்துட்டு வர்றதுக்கு நேரமாகும். அதுக்குள்ள பேய் பேசுறத மட்டும் எடுத்துடுவோம். மத்தவங்க வசனத்த யாரு வேணும்னாலும் பேசலாம்" என்றார். மறுத்துப் பார்த்தோம். அவரிடம் யார் ஜெயித்திருக்கிறார்கள்?

உட்கார்ந்தபடியே பேசினார். தொடரின் கடைசி அத்தியாயம் அது. முதல் நாடகத்தில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றவளே அதிலும் திரும்பி வருகிறாள், தன் புருஷனிடம் விடைபெற. நான் நீளமாக எழுதியிருந்தேன். அக்கா பாதியை விட்டுவிட்டார். கடைசியில் தாளைக் கீழே வைத்துவிட்டு, முதல் நாள் கேட்ட அதே சாதாரணக் குரலில், "சாப்பிட்டியா?" என்று கேட்டு நிறுத்தினார். கீழே அண்ணனின் கார் ஹார்ன் கேட்டது. சேவியர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, படியில் ஒவ்வொன்றாக இறங்கினார். காரில் உட்கார்ந்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டு, மென்பொருள் ஓடாவிட்டாலும், பழைய மெஷினிலிருந்து தன் பேய்க் குரல்களின் பதிவுகளையாவது பத்திரமாகப் புதியதற்குக் குடியேற்றச் சொன்னார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "மணியாச்சே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து நான் கடைசியாகக் கேட்ட பேச்சு அதுதான். இல்லை அக்கா, இனிமேல்தான் என்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கோயில் மண்டபத்தில் நண்பர்கள் கூடினோம். பேசவேண்டியவர்கள் பேசினார்கள். ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனமாக அஞ்சலி செலுத்தலாம் என்று யாரோ சொன்னபோது, நானும் சேவியரும் பேசி வைத்திருந்தபடி பழைய லாப்டாப்பை ஒலிபெருக்கியில் இணைத்தோம். அவர் போன வருடம் பிடித்த மௌனங்களில் ஒன்றை ஓடவிட்டோம். கூட்டம் அசையாமல் நின்றது. பூக்கடைக்கு மேலிருக்கும் எங்கள் அறை அந்த மண்டபத்தில் கேட்டது, அதற்குள் அந்த இழுப்பு ஏறி, இறங்கியது. அது என்ன சத்தம் என்று பலருக்குத் தெரிந்திருக்காது, ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். முன்வரிசையில் நின்ற மனோகரன் அண்ணன் மட்டும் சட்டென்று தலையைத் தூக்கினார். பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். "அவ மூச்சு லா தம்பி" என்றார், என்னவோ நான் அறியாததைச் சொல்வதுபோல. "தூங்கறப்ப இப்பிடித்தான் கேக்கும்." ஹெட்போன் வைத்து ஒரு வருடம் நாங்கள் தேடியதை அவர் ஒரே நொடியில் சொல்லிவிட்டார்.

பழைய லாப்டாப்பை என்ன செய்வது என்று சேவியர் கேட்டார். பாகங்கள் புதியவை, விற்கலாம் என்றார். நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அதை இனிமேல் யாரும் திறந்து எதையும் மாற்றப்போவதில்லை. அக்காவிடமிருந்து என்னிடம் மீந்தவை இவைதான்: அந்த லாப்டாப், அதற்குள் இருக்கும் பேய்கள், அவர் விரலைத் தூக்கிப் பிடித்த மௌனங்கள், எது கெட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு மாற்றச் சொன்ன அந்தப் பேச்சு.

கடைசி அத்தியாயத்தை நான்தான் வெட்டி ஒட்டினேன். அக்கா செய்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். முடிவில், வழக்கப்படி, அன்று பிடித்த மௌனத்தைக் கணினிக்குக் காட்டினேன். இரைச்சலை நீக்கட்டுமா என்று திரையில் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். நீங்கள் கேட்கும்போது, "சாப்பிட்டியா?" என்ற கேள்விக்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். அங்கே மெல்லியதாக ஒன்று ஏறி இறங்கும். அது எஃபெக்ட் இல்லை.